அது வேற, இது வேற

தி.நகர் ஜவுளிக்கடையில் பதினாறு வருஷமாக நின்றுகொண்டே புடவை விற்ற ஜோதிலட்சுமிக்கு அன்றைக்குத்தான் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. கடை வெப்சைட்டில் படங்களை மொத்தமாக ஏற்றும் வசதி புதிதாக வந்திருந்தது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை முதலாளி ராஜரத்தினம் அவள் தலையில் கட்டியிருந்தார்.

அதற்காக மூன்று நாள் முந்நூறு புடவைகளை விரித்து, படமெடுத்து, மறுபடி மடித்ததில் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. எல்லாப் படங்களையும் ஒரே அழுத்தில் ஏற்றினாள். திரையில் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது. நாற்பத்தொரு படம்தான் ஏறியிருந்தது. மீதி எல்லாவற்றின் கீழும் ‘இந்தப் படம் ஏற்கெனவே உள்ளது’ என்று சிவப்பில் வந்தது.

“சனியனே” என்று முனகினாள்.

ராஜரத்தினம் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஏறலையா?”

“எல்லாம் ஒரே பொடவன்னு சொல்லுது, அண்ணாச்சி.”

“அது எப்படி? கரையப் பாரு, புட்டாவப் பாரு. அது வேற, இது வேறன்னு நீதான தெனமும் சொல்லுத?”

ஜோதிலட்சுமி வலிக்கும் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

“கஸ்டமராண்ட சொல்லலாம், அண்ணாச்சி. சிரிச்சிக்கினே சொன்னா நம்பிடுவாங்க. இந்தக் கம்ப்யூட்டராண்ட இன்னான்னு சொல்றது?”

 ராஜரத்தினம் நாற்காலியின் முதுகில் தட்டினார்.

“சரி, எந்திரி. கவுண்டர்ல ஆள் நிக்காவ.”