சங்கத்து மேடையில் ஒரு பொன்னாடை

காமினிக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் வேண்டியிருந்தது; காசு கொடுக்கிற வாடிக்கையாளர். டவுனில் பார்த்துவந்த விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, பினாங்கின் ஆயர் ஈத்தாம் பகுதி அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இணையத்தளம் வடிவமைக்க உட்கார்ந்து ஐந்து மாதமாகிவிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் அம்மா நவமணி, மகளுக்கும் அங்கேயே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் யாராவது ஒருவர் பணம் கொடுத்து வேலை தந்தால் சரி, இல்லையென்றால் ஃபேக்டரி பஸ் என்று தாய்க்கும் மகளுக்கும் பேச்சு.

அவள் ஏறி இறங்காத கடை இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஃபேஸ்புக்கே போதும் என்றார்கள். அக்காள் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றார்கள். எல்லோருக்கும் ஓர் அக்காள் மகன் இருந்தான். அந்தப் பயல் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் பினாங்கில் பாதிப் பேர் அவளுக்கு வேலை கொடுத்திருப்பார்கள்.

கடைசியில் கல்யாணச் சாப்பாட்டு கேட்டரிங் நடத்தும் சுகுமாரனிடம் போனாள். சிறு வணிகர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். முதலில் தனக்கு ஒன்று சும்மா செய்து தரச் சொன்னார். அதைக் காட்டியே சங்கத்து ஆட்களை வரிசையாக அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்தார். சும்மா செய்தது வெளியே தெரிய வேண்டாம் என்று மட்டும் காமினி கேட்டுக்கொண்டாள். அது தனக்குத் தெரியாதா என்று சிரித்தார். மூன்று வாரம் முதுகு ஒடிய வேலை பார்த்தாள். தளம் உண்மையிலேயே அழகாக வந்திருந்தது.

அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, லெபோ பாசார் தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் யூசுப் பாயைப் பார்க்கப் போனாள். அந்தக் கடையில் பேரம் கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர், கூடப் பிறந்த தம்பி, யாராக இருந்தாலும் ஒரே விலை. அட்டையில் எழுதி டப்பா மேல் ஒட்டியிருக்கும். பாய் தளத்தை மேலும் கீழும் தள்ளி நிதானமாகப் பார்த்தார். காமினி கூலியாக இரண்டாயிரம் வெள்ளி கேட்டாள்.

"சுகுமாரன் எவ்வளவு குடுத்தாரு?"

சும்மா என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள்.

"அதே ரெண்டாயிரம்தான் பாய்."

"அப்ப சரிமா. எல்லாருக்கும் ஒரே வெலைன்னா எனக்குப் பேச்சே இல்ல. திங்கக்கிழம வா, பாதி அட்வான்ஸ் தர்றேன்."

பொய் சொன்னது உறுத்தத்தான் செய்தது. ஆனால் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த உறுத்தல் பஸ் நிறுத்தம் வரைகூட வரவில்லை. வீட்டில் சொன்னபோது, அட்வான்ஸ் கைக்கு வரட்டும் பார்க்கலாம் என்றாள் நவமணி.

சனிக்கிழமை சங்கத்தின் ஆண்டு விருந்து. தாயும் மகளும் கட்டாயம் வர வேண்டும் என்று சுகுமாரன் சொல்லியிருந்தார். நம்மவர்கள் விருந்தில் சாப்பாடு போடுவதற்கு முன்னால் பொன்னாடை போர்த்துவார்கள். நன்கொடை கொடுத்தவருக்கு ஒன்று, கொடுக்கப்போகிறவருக்கு ஒன்று, மண்டபத்தைக் குறைந்த வாடகைக்கு விட்டவருக்கு ஒன்று. பசியோடு கைதட்டிக்கொண்டிருந்த காமினி, தன் பெயரைக் கூப்பிட்டதும் திடுக்கிட்டாள். சுகுமாரன் கையில் மைக் இருந்தது. மைக் கிடைத்தால், கொடுத்த வாக்கு, வாங்கிய வாக்கு எதுவும் அவருக்கு நினைவிருக்காது.

"இந்தப் பொண்ணு எனக்கு வெப்சைட் செஞ்சு குடுத்துச்சு. ஒத்தக் காசு வாங்கல. எல்லாம் சும்மா. இந்தக் காலத்துல நம்ம சமுதாயத்துக்கு இப்படிச் சேவை செய்ய யாரு இருக்கா?"

மண்டபம் கைதட்டியது. சரிகை போட்ட பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. மூன்றாவது வரிசையில் யூசுப் பாய் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் அவராகவே அவளிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவரு ஒங்க ஆளு, சும்மா செஞ்சு குடுத்தே. அதுல தப்பில்ல. நான் நேராக் கேட்டேன்லமா? உள்ளதச் சொல்லியிருந்தாலும் ரெண்டாயிரம் குடுத்திருப்பேன்."

"அப்படியில்ல பாய்" என்றாள். ஆனால் அப்படித்தானே நடந்தது.

"திங்கக்கிழம வராதம்மா."

அவர் சாப்பிடாமலேயே போய்விட்டார். அவமானத்தில் காமினிக்குக் காது இரண்டும் எரிந்தன. யாரைத் திட்டுவது என்று தேடினாள். தேடிய இடத்திலெல்லாம் அவளே நின்றாள்.

அதற்குள் சுகுமாரன், பூக்கடைக்காரர், தையல்காரர், கார் கழுவும் கடை வைத்திருப்பவர் என்று பின்னால் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"நான்தான் சொன்னேன்ல, வரிசையா வருவாங்கன்னு. இவங்களுக்கும் சும்மா செஞ்சு குடுத்துடு லா."

ஆள் அனுப்புவதாகச் சொன்ன வாக்கில் மனுஷன் தவறவில்லை. அவர் மனதில் கள்ளமும் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

நவமணிக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் பொன்னாடை போர்த்தியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுப்பவரைக் கையோடு இழுத்து வந்து, மகளை மேடையோரம் நிறுத்தினாள்.

"அம்மா, ஃபேக்டரி பஸ் நம்ம புளோக்குக்கு எத்தன மணிக்கு வரும்?"

"அஞ்சே காலுக்கு" என்றாள் நவமணி, பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே. "கொஞ்சம் சிரி."