பெரியத்தானின் காது

அந்த வீட்டில் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரும் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகமாட்டார்கள். முதலில் பெரியவருக்குப் போன் போகும். பெரியவர் அந்த வீட்டின் மூத்த மகன். வேறு ஊரில் டயர் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். டயர் விற்கிறவருக்கு எஞ்சினும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நம்பினார்கள். பானெட்டைத் திறந்து போனை உள்ளே நீட்டுவார்கள். அவர் அந்தப் பக்கத்திலிருந்து "ம்... ம்..." என்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வீட்டின் சின்ன மருமகள் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் போன் டாக்டர். நேரில் கூப்பிடுவது மட்டும் மரியாதையாக, பெரியத்தான் என்று.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் அவள்தான் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப்போய் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சந்தில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். மறுநாள் வேன் முனக ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் "ஊஊம்" என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த ஊஊம் ஒரு படி மேலே ஏறும்.

போன் நீட்டப்பட்டது. பெரியவர் ம் கொட்டினார். தீர்ப்பு வந்தது. "வண்டி நிக்கும்போது ஸ்டியரிங்கைப் போட்டு ஒடிச்சிருக்காங்க. அதான் ஸ்டியரிங் பம்ப் அடி வாங்கியிருக்கு. கடைசியா யாரு ஓட்டினது?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புருஷனும் பார்த்தான்.

"சாவியை இனிமே இவகிட்ட குடுக்காதடா" என்றாள் மாமியார். அது செத்துப்போன மாமனாரின் வேன். அதன் மேல் கிழவிக்கு உயிர். "வேற கை படாம இருந்தா சத்தம் தானா அடங்கிடும்மா" என்று பெரியவர் போனிலேயே ஆறுதல் சொன்னார். வண்டி என்ன, கோபித்துக்கொண்ட குழந்தையா, தானாக அடங்க? அடங்கவும் இல்லை. ஆனாலும் சாவி அவள் கைக்குத் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் உதவியாளர். நாற்காலியைச் சாய்த்து, கருவிகளைச் சுத்தம் செய்து, பயந்து நடுங்குகிறவர்களைப் பேசிச் சமாளித்துப் பத்து வருஷ அனுபவம். இப்போது டாக்டரம்மா நகரத்தின் மறுகோடியில் ஒரு கிளை திறக்கிறார். அதன் பொறுப்பாளர் பதவி உனக்குத்தான் என்று சொல்லியும்விட்டார். "ஆனா அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காலையில நீதான் வந்து திறக்கணும். வண்டி இருக்குல்ல? திங்கக்கிழமை சொல்லு. முடியாதுன்னா வேற ஆளைப் பார்த்துடறேன்."

வண்டி இருக்கிறது. வாசலில்தான் நிற்கிறது. அதைத் தொடக்கூடாது என்று வேறு ஊரிலிருந்து ஒரு காது தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதவி கிடைத்தால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் போன் டாக்டரின் மூக்கு உடைய வேண்டும், அதுவும் அத்தனை பேர் முன்னால்.

ஓட்டத்தான் தடை, கழுவத் தடை இல்லை. இந்த நியாயம் எந்த ஊர் நியாயமோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் முடிவெட்டக் கிளம்பியதும் அவள் வாளியோடு வாசலுக்கு வந்தாள்.

"அத்தை, வண்டியைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி நிறுத்தினாத்தான் கழுவ முடியும். சாவி?"

"நிழலுக்கு மட்டும்தான்" என்று மாமியார் சாவியைத் தந்தாள், ஏதோ சொத்தை எழுதிக்கொடுப்பது மாதிரி.

எஞ்சினைப் போட்டாள். லேசான முனகல். ஸ்டியரிங்கை மெல்ல வலது பக்கம் திருப்பினாள். முனகல் ஏறியது. கடைசிவரை திருப்பிப் பிடித்தபோது அது விம்மலாக மாறியது. நேராக்கினாள், தணிந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள், கூடவே ஏறியது. அவள் இறங்கிவந்து பானெட்டைத் திறந்தாள். பம்ப்பை ஓட்டுகிற பெல்ட்டின் மேல் தள்ளி நின்றபடி கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். பெல்ட் தளர்ந்து கத்துவதாக இருந்தால் நனைந்ததும் சத்தம் மாறும் என்று பக்கத்துத் தெரு டாக்ஸிக்காரர் சொல்லியிருந்தார். சத்தம் மாறவே இல்லை. அப்படியானால் பெல்ட் இல்லை, பம்ப்பேதான்.

இந்த மாதிரி முனகலை அவள் வேறொரு இடத்தில் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பல் துளைக்கிற கருவிக்கு அதற்குரிய எண்ணெய்க்குப் பதிலாகத் தையல் மிஷின் எண்ணெயைப் போட்டுவிட்டாள். அன்றைக்கு அந்தக் கருவி இதே ராகத்தில்தான் அழுதது. எண்ணெய் மாறினால் சுற்றுகிற பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் எண்ணெய் இருக்கிற சின்ன டப்பாவின் மூடியைத் திருகினாள். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று மூடியிலேயே பொறித்திருந்தது. சிவப்பாக, தண்ணி மாதிரி இருக்கவேண்டிய திரவம். உள்ளே இருந்ததோ கறுத்து, தடித்து, மேலே நுரை கட்டிக் கிடந்தது. ஒரு பஞ்சை முக்கி எடுத்து முகர்ந்தாள். சந்தேகமே இல்லை, எஞ்சின் ஆயில். சந்தில் ஸ்டியரிங்கை ஒடித்ததால் ஒரு எண்ணெய் இன்னொரு எண்ணெயாக மாறிவிடாது. யாரோ கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள்.

யார் ஊற்றச் சொல்லியிருப்பார்கள் என்பதில் அவளுக்கு ஐயமே எழவில்லை. எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தான் என்று பேசுகிற ஒரே வாய் அந்த வாய்தான். தன் யோசனையால் வண்டி கெட்டதும் பழியை அவள் தலையில் கட்டிவிட்டார் பெரிய மனுஷன். அவள் பஞ்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டாள். வண்டியைப் பளபளவென்று கழுவிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மாமியார் சாவியை வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர் கூப்பிடுவார். போன் ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைக்கப்படும். அன்றைக்கு நாத்தனாரும் வந்திருந்தாள். மாமியார், நாத்தனார், புதிதாக முடிவெட்டிக்கொண்டு கழுத்தைச் சொறிந்தபடி புருஷன் என்று சபை நிறைந்திருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது.

"பெரியத்தான், நல்லா இருக்கீங்களா? வண்டிச் சத்தம் ரொம்ப ஏறிடுச்சு. நீங்க ஒரு தடவை கேட்டுச் சொன்னா நல்லாருக்கும்" என்றாள், தேன் ஒழுக.

"நான் சொன்னா யாரு கேக்கறா? சரி சரி, வண்டிகிட்ட கொண்டு போ."

"நீ எதுக்கு, நான் போறேன்" என்று புருஷன் எழுந்தான். அதற்குள் அவள் போனை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். வாசலுக்குப் போகவில்லை. நாலு எட்டில் இருந்த சமையலறைக்குப் போனாள். ஹாலிலிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரியும். செருப்பு இல்லாத காலால் தரையில் தொம்தொம்மென்று மிதித்தாள். அலமாரிக் கதவைத் திறந்து படாரென்று சாத்தினாள். "பானெட்டைத் திறந்துட்டேன் பெரியத்தான்." திரும்பி, சபையைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு காலி ஜாரை வைத்து மிக்ஸியைத் திருகினாள்.

"ஊஊம்ம்ம்" என்றது மிக்ஸி.

"ம்..." என்றார் பெரியவர். "ம்... இன்னும் கிட்ட கொண்டு போ. ரேஸ் குடு."

அவள் இரண்டில் வைத்தாள். நாத்தனார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஆங். இப்ப ஸ்டியரிங்கை ரைட்ல முழுசா ஒடிக்கச் சொல்லு."

அவள் மூன்றில் வைத்தாள். மிக்ஸி வீடே அதிரக் கதறியது.

"போதும், நிறுத்து! நிறுத்து!" பெரியவரின் குரலில் ஒரு வைத்தியரின் பெருமிதம். "அதேதான். பம்ப் போச்சு. உள்ள பேரிங்கும் தேய்ஞ்சிருக்கு. நின்ன இடத்துல ஒடிச்ச கை இருக்கே, அந்தக் கை பண்ண வேலை. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? அம்மா, கேட்டீங்களா?"

"கேட்டேன்டா" என்றாள் மாமியார். "அது என் மிக்ஸிடா, மடையா!"

நாத்தனார் வெடித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தே போனாள். மாமியாருக்கும் கோபத்தை மீறிக்கொண்டு சிரிப்பு வந்தது. சின்ன மருமகளுக்கு அந்தச் சிரிப்பு அப்படி இனித்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஒவ்வொரு காலைக்கும் இது வட்டி என்று நினைத்தாள். சிரிக்காத ஒரே ஆள் அவள் புருஷன்தான், அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

இன்னும் ஒரு அடி பாக்கி இருந்தது. பையை அவிழ்த்துப் பஞ்சை மாமியார் முன்னால் வைத்தாள். "மோந்து பாருங்க அத்தை. ஸ்டியரிங் டப்பாவுல எஞ்சின் ஆயில். பம்ப் அழறது அதனாலதான், என் கையால இல்ல." போனைப் பார்த்துக் குனிந்தாள். "ஊத்தச் சொன்னது நீங்கதானே பெரியத்தான்? பண்றதைப் பண்ணிட்டு, பழியைத் தூக்கி என் தலையில போட்டீங்களே. உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

அவமானப்பட்ட மனிதனுக்கு யாரையும் காப்பாற்றும் பொறுமை இருக்காது.

"நானா?" பெரியவர் கத்தினார். "நானா ஊத்தச் சொன்னேன்? உன் புருஷனைக் கேளு! எஞ்சின் ஆயில் ஊத்தப் போறேன்னு மூடியை மாத்தித் திறந்து ஊத்தினது அவன். ஊத்தி முடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணி அழுதான். வண்டியை எடுக்காதே, உடனே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து கழுவி மாத்துடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

"அண்ணே, அண்ணே, லைன் சரியில்ல" என்று புருஷன் போனை நோக்கிப் பாய்ந்தான். மாமியார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க, நேத்து அவதானே ஓட்டினா, அவ மேல போட்டுடலாம், நீ சொன்னா அம்மா நம்புவாங்கன்னு கெஞ்சினான். கூடப்பொறந்தவனாச்சேன்னு சொல்லித் தொலைச்சேன். இப்ப என்னை மிக்ஸி முன்னாடி உக்கார வெச்சுட்டீங்க!" அந்தப் பக்கம் போன் சட்டென்று துண்டிக்கப்பட்டது.

நாத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன மருமகள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் குறிபார்த்தது வேறு ஊரில் இருந்த ஆளை. விழுந்தது பக்கத்தில் படுக்கிறவன் மேல். இத்தனை மாதமும் மழை பெய்தால் குடையோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தவன். "விடு, அம்மா குணம் தெரியும்ல, எனக்காகப் பொறுத்துக்கோ" என்று தோளைத் தட்டியவன். அவள் உடம்பெல்லாம் கொதித்தது. பெரியவர் செய்ததையாவது திமிர் என்று சொல்லிவிடலாம். இவன் குடையோடு வந்து நின்றதை என்னவென்று சொல்வது?

"சின்ன விஷயம்தானே..." என்று அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அப்பவே சொல்லலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் அப்படியே..."

"வாயை மூடு" என்றாள் மாமியார். சாவியை எடுத்து மருமகள் முன்னால் வைத்தாள். "நாளைக்கு நீயே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணு. அப்புறம் நீயே வெச்சுக்கோ. இவன் இனிமே பஸ்ல போகட்டும்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குச் சம்மதம் என்று அப்போதே ஒரு செய்தியும் அனுப்பினாள். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. என்னாலதான் வண்டி கெட்டுச்சுன்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பவே."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். முதலில் சித்தப்பா வீடு. "அது வந்து சித்தப்பா, ஒரு சின்னக் குழப்பம்..." என்று ஆரம்பித்தான். "குழப்பம் இல்ல. ஊத்தினது யாரு? சரியாச் சொல்லுங்க" என்றாள் அவள். அவன் சொன்னான். அப்புறம் அவனுடைய அத்தை மகன். அப்புறம் மாடி வீட்டுக்காரர். ஒவ்வொரு போனுக்கும் அவன் காது சிவந்துகொண்டே வந்தது. அவள் ஒரு வார்த்தையைக்கூட விழுங்க விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ரசித்துக் கேட்டாள்.

"அடுத்தது எங்க அப்பா" என்றாள்.

அவன் முகம் வெளுத்தது. "அவருக்கு எதுக்கு?"

பதில் அவனுக்கே தெரியும். சம்பந்தி வீட்டு வண்டியை மகள் கெடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், அவள் அப்பா ஓடிவந்து இதே ஹாலில் கைகூப்பி நின்றார். "தப்புதான் சம்பந்தி, பொண்ணைக் கண்டிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உட்காராமலே போனார். அவர் கைகூப்பியபோது புருஷன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அவளே எண்ணைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் சொன்னான். தட்டுத்தடுமாறி, வியர்த்து, எதையும் விடாமல் சொன்னான்.

"சரிங்க மாப்பிள்ளை" என்று அப்பாவின் குரல் வந்தது. "புள்ள பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன்பா."

"அன்னிக்கு நீ பண்ணலேன்னு சொன்னியேம்மா. நான்கூட நம்பலையே."

அவள் போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாயந்திரம் வரேன்பா. நானே ஓட்டிட்டு வரேன், மெதுவா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"முடிஞ்சுதா?" என்றான் புருஷன், கெஞ்சுகிற குரலில்.

"அப்பாகிட்ட போன்ல சொன்னா முடிஞ்சுடுமா?" என்று அவள் எழுந்தாள். "சட்டையை மாத்திட்டு வாங்க. அவர் கைகூப்பி நின்ன மாதிரி நீங்களும் போய் நிக்கணும். போறப்போ நான் கூட்டிட்டுப் போறேன். வர்றதுக்கு பஸ் இருக்கு."