காரணம்: காக்கா வரவில்லை

"தலையப் புடி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தாடையைக் கட்ட வேட்டியில் நீளமாக ஒரு துண்டைக் கிழித்தான் காசிநாதன்.

அம்சவள்ளி மாமனாரின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கினாள். பிடரியில் இன்னும் சூடு இருந்தது. காலை ஆறு மணிக்கு "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கி எத்தினி மாத்திர?" என்று ஆடிய தலை. பத்தரைக்குக் கொல்லையில் முக்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார் ஆதிமூலம். ஆம்புலன்சில் வந்தவர் பார்த்துவிட்டு, மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று சொல்லிப் போனார்.

மதியம் உளுந்தூர்பேட்டையிலிருந்து மகள் கொளஞ்சியம்மாள் வந்து இறங்கினாள். தெருமுனையில் தொடங்கிய ஒப்பாரி அப்பாவின் காலடியில் விழுந்து, எலவனாசூர்கோட்டையில் பாதிப் பேரை அழவைத்தது. அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தியபோதுதான், காலண்டர் ஆணியில் தொங்கிய தாள் அவள் கண்ணில் பட்டது.

அது அம்சவள்ளியின் பாடத் தாள். இத்தனை வருடம் கரும்புக் காட்டில் காய்ந்த சோகை உரித்தவள், கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, வயதானவர்களுக்கு மருந்து கொடுக்கும் உதவியாளர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று மாதப் படிப்பு. நாளை பத்து மணிக்குத் தேர்வு. தேறினால் சான்றிதழ், முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் ஒருவருக்கு மருந்து கொடுத்து, வேளாவேளைக்குத் தாளில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள்.

கொளஞ்சியம்மாள் தாளைப் பிடுங்கி எல்லார் காதிலும் விழும்படி படித்தாள். "காலை எட்டு மணி. சர்க்கரை மாத்திரை. கொடுக்கவில்லை. காரணம், காக்கா வரவில்லை."

வாசலில் யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னாடி இது? எங்கப்பன் உசுரு காக்காகிட்டயா இருந்துது?"

"சாப்புடாம அந்த மாத்திரயப் போட்டா மயக்கம் வந்துடும் அண்ணி."

"நீ போடாததாலதான் ஒரேயடியா படுத்துட்டாரு!"

அம்சவள்ளிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. இன்று அமாவாசை. என்றைக்கோ செத்துப்போன தன் அப்பனுக்குப் படைத்து, காக்கை வந்து ஒரு வாய் எடுக்காமல் ஆதிமூலம் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அமாவாசையன்று காக்கைக்கும் கிராக்கி அதிகம். பத்து வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு நம் வீட்டு முறைக்கு வர மதியமாகிவிடும். பயிற்சியில் சேர்ந்த புதிதில் வந்த ஆடி அமாவாசையில் இது அம்சவள்ளிக்கு உறைக்கவில்லை. எட்டு மணி என்றால் எட்டு மணி என்று வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டாள். பத்து மணிக்கு மனிதர் வேர்த்துக் கொட்டி விழுந்தார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டித்தான் கண் விழித்தார். அன்றிலிருந்து தட்டில் சோறு, அப்புறம்தான் மாத்திரை.

அந்த ஆடி அமாவாசையிலிருந்து மாமியார் பாப்பாத்தி தன் பிரஷர் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஒன் பாடத்த ஒன் மாமனோட வெச்சிக்கோ. என் கிட்ட வராத" என்றாள். அதன் பிறகு அம்சவள்ளி அந்த மாத்திரைப் பக்கம் போகவும் இல்லை.

செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரே உடம்பு கிடக்கும்போது சரி என்பது எத்தனை நேரம் நிற்கும்? இந்தக் கையால் இனி யாருக்கும் எதையும் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

நாலு மணிக்கு வாய்க்கரிசி. மகள் போட்டாள், பங்காளி வீட்டுப் பெண்கள் போட்டார்கள். அம்சவள்ளி குனிந்து, அரிசியை மாமனாரின் உதட்டின்மேல் விட்டாள். மூன்று மாதப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாக்கத் தூக்குங்க மாமா."

ஆதிமூலம் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து முருங்கை மரத்தடியில் துப்பிவிடுவார். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் அம்சவள்ளி தாளில் எழுதுவாள். அவரும் கண்ணை உருட்டிக்கொண்டு நாக்கை மோவாய் வரைக்கும் நீட்டிக் காட்டுவார்.

இப்போது அவர் காட்டவில்லை. அதுவரை கல்லாக இருந்த அம்சவள்ளி அப்படியே அவர்மேல் விழுந்து, "மாமா, மாமா" என்று கதறினாள். தலைமாட்டில் இருந்த பாப்பாத்தி தன் அழுகையை நிறுத்திவிட்டு மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவித் தலை முழுகி வந்ததும், அம்சவள்ளி பாட நோட்டைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள். காசிநாதன் பார்த்தான்.

மறுநாள் காலை, உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்த இட்லியில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு பாப்பாத்தி கூப்பிட்டாள். "அம்சா, இன்னும் குளிக்கலியா? பஸ்ஸு போயிடும்."

"நான் போவல அத்த."

"கருமாதி முடியாம எப்பிடிமா வாசல தாண்டுவா?" என்றாள் பாயில் கிடந்த கொளஞ்சியம்மாள். "ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரா வந்து எனக்கு மாத்திர குடுக்கப் போவுது? ஒங்கப்பன் காக்கா வராம ஒரு பருக்க தொட்டிருக்காரா? நாப்பது வருசமா நான் சொல்லியே கேக்காத மனுசன். இவள இன்னா பண்ணச் சொல்ற?"

கொளஞ்சியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

பாப்பாத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை நீட்டினாள். "சாப்ட்டேன். குடு."

"அத்த, நானா?"

"ஒங்க கிளாசுல எப்பிடியோ அப்பிடியே குடு."

அம்சவள்ளி கை கழுவி வந்தாள். அட்டையில் மருந்தின் பெயரைப் படித்தாள், தேதியைப் பார்த்தாள். அடுத்த விதி நினைவுக்கு வந்து தயங்கினாள்.

"பேரு கேக்கணும் அத்த."

"கேளு."

"ஒங்க பேரு சொல்லுங்க."

"பாப்பாத்தி." கொஞ்சம் நின்று, கல்யாணம் ஆன நாளிலிருந்து நாக்கில் வராத பெயரையும் சேர்த்துச் சொன்னாள். "ஆதிமூலம் பொண்டாட்டி."

காசிநாதன் பரணிலிருந்து நோட்டை எடுத்துத் துடைத்தான்.

அம்சவள்ளி மாத்திரையை மாமியாரின் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரைக் கொடுத்தாள். பாப்பாத்தி விழுங்கினாள். பிறகு யாரும் சொல்லாமலே, வெளிச்சம் படும்படி வாசல் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.