லெஸ்டர் மாத்திரை விழுங்கினான்

லெஸ்டர் ஆரெண்ட்சே மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கவில்லை என்று இதய அறுவைப் பேராசிரியர் மால்ஹெர்பா வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னபோது நானும் அங்கே நின்றிருந்தேன். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு தாய் செத்துப்போன தன் மகனோட இதயத்தைக் கொடுத்தா. இவன் அதைக் குப்பையில போட்டுட்டான்," என்றார் தன் மாணவர்களிடம்.

லெஸ்டர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தான். கேப் டவுன் புறநகர் மிட்செல்ஸ் பிளெய்னிலிருந்து நகரத்துக்கு மினிபஸ் ஓட்டியவன். ஒரு தெருவுக்கே கேட்கும் குரல் அவனுக்கு. இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினான்.

"விழுங்கினேன் ப்ரொஃப். எல்லாத்தையும்."

"அப்ப உன் இதயம் பொய் சொல்லுதா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போல இருந்தது.

போன கோடையில் பொருத்திய இதயம் லெஸ்டருக்குள் செத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று கிடைத்தால் பிழைப்பான். யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும் குழு புதன்கிழமை கூடுகிறது. அன்னிய இதயத்தை உடம்பு எதிர்க்காமல் அடக்கும் மாத்திரையை அலட்சியம் செய்தவனுக்கு இரண்டாவது இதயம் கிடையாது என்பது எங்கள் விதி. இதயங்கள் அவ்வளவு அரிது, விதியில் தப்பில்லை. ஆனால் மால்ஹெர்பா சொல்வதைக் குழு ஏற்றுக்கொண்டால் லெஸ்டருக்குச் சாவுதான்.

என் பெயர் ஃபடீலா சாலி. இதயத்திலிருந்து கிள்ளியெடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் டாக்டர். மால்ஹெர்பா என்னை நடைபாதையில் பிடித்துக்கொண்டார்.

"குழுவுல, உடம்பு அந்த இதயத்தை எதிர்க்குதுன்னு மட்டும் சொல்லு ஃபடீலா. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

உடம்பு எதிர்த்தது உண்மைதான். புதிய துணுக்கில் காவல் செல்கள் எறும்பு மாதிரி மொய்த்திருந்தன. அந்தக் காவல்காரர்களை யார் கூப்பிட்டது என்பதுதான் என் கேள்வி. நான் அதைக் கேட்பேன் என்று மால்ஹெர்பாவுக்கும் தெரியும், அதனால்தான் நடைபாதையில் பிடித்தார்.

லெஸ்டருக்கு இதயம் பொருத்திய அன்று நடந்தது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். வாய் திறக்கத்தான் ஆள் இல்லை. இதயம் கெபெர்ஹா நகரத்திலிருந்து சின்ன விமானத்தில் ஐஸ் பெட்டியில் வந்துகொண்டிருந்தது. பெட்டி வாசலுக்கு வரும்வரை எங்கள் ஆட்கள் காத்திருப்பதில்லை. மலையைத் தாண்டிவிட்டேன் என்று விமானி சொன்னதும் பழைய இதயத்தை அறுத்தெடுத்துவிடுவார்கள். கொஞ்சம் நேரம் மிச்சம். ஆனால் அன்று தென்கிழக்குக் காற்று பேயாட்டம் ஆடியது. அந்தக் காற்றில் விமானம் இறங்காது என்பது கேப் டவுனில் துணி காயப்போடும் எவருக்கும் தெரியும். "பொறுங்க ப்ரொஃப்" என்று நர்ஸ் சொல்லியும் பார்த்தார். மால்ஹெர்பா அறுத்தார்.

விமானம் இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் வடக்கே சல்டானா பக்கம் இறங்கியது. பெட்டி அங்கிருந்து காரில் வந்தது. அதுவரை லெஸ்டர் நெஞ்சுக்குள் இதயமே இல்லாமல் இயந்திரத்தின் தயவில் கிடந்தான். வந்தது எந்த நிலையில் இருந்தாலும் அதைத்தான் பொருத்தியாக வேண்டும்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத் தானே கொன்றுகொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன செல் சத்தமில்லாமல் தன்னைச் சுருட்டிக்கொண்டு போய்விடும், பக்கத்தில் இருப்பதற்குக்கூடத் தெரியாது. ஆனால் நெடுநேரம் ஐஸில் பட்டினி கிடந்த இதயத்துக்குள் திடீரென்று சூடான ரத்தம் பாய்ந்தால், ஆயிரமாயிரம் செல்களுக்கு ஒரே நேரத்தில் அந்தச் சாவு உத்தரவு போகிறது. சில வெடித்துச் சிதறியும் சாகின்றன. சிந்தியதை மோப்பம் பிடித்து உடம்பின் காவல்காரர்கள் ஓடிவருகிறார்கள். வந்த இடத்தில் பார்த்தால், அது அன்னியனின் இதயம். அப்புறம் மாத்திரைகள் பாவம் என்ன செய்யும்?

புது இதயம் துடிக்கத் தொடங்கியதும் ஒரு துணுக்கு எடுத்து மெழுகில் வைப்பது எங்கள் வழக்கம். அன்று வைத்த லெஸ்டருடையதை இப்போது எடுத்துச் சீவி, தற்கொலை செய்த செல்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் சாயத்தை ஏற்றினேன். ஒரே பழுப்பு. அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அந்தப் படத்தைத் திரையில் போட்டேன். குழுத் தலைவி டாக்டர் மபூசா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இதுல காவல் செல் ஒண்ணுகூட இல்லையே?"

"இல்ல. லெஸ்டர் கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி, முதல் மாத்திரைக்கும் முன்னாடி எடுத்தது இது. அப்பவே பாதி செத்திருக்கு."

மால்ஹெர்பா சிரித்தார். "செல் செத்தா எதிர்ப்பு வந்தே தீரும்னு எவன் சொன்னான்? மருந்து ஒழுங்கா இருந்தா அடக்கலாம்."

"அடக்கலாம், அடக்க முடியாமலும் போகலாம். அவன் விழுங்கலைங்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஒரு தடவை ரத்தத்துல மருந்து குறைஞ்சிருந்துச்சு."

"ஒரு தடவை! எல்லாருக்கும்தான் குறையுது. அவங்களையெல்லாம் சாகச் சொல்லிட்டீங்களா? பெட்டி வர்றதுக்கு முன்னாடி அவன் நெஞ்சைக் காலி பண்ணது யாரு ப்ரொஃப்? லெஸ்டரா?"

மால்ஹெர்பா குரலைத் தாழ்த்தினார். "நாமெல்லாம் ஒரே குடும்பம், ஃபடீலா."

"அந்தக் குடும்பத்துல நான் இல்ல."

இன்னொரு இதயத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் லெஸ்டரின் பெயரைச் சேர்த்தார் மபூசா. மால்ஹெர்பா கதவை அறைந்துகொண்டு போனார். போகட்டும்.

செய்தியை நானே கொண்டுபோனேன். லெஸ்டரின் மனைவி மெர்லின் மீன் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்ப... எல்லாத்தையும் விழுங்கினானா?"

"அவர் மேல தப்பே இல்ல மெர்லின்."

"இவன் உன்னை ஏமாத்துறான், கவனமா பாருன்னு பெரிய டாக்டர் என்கிட்ட சொன்னாரே!" அவள் குரல் உடைந்தது. "அன்னையிலேருந்து தினமும் வாயைத் தொறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன் டாக்டர். பிள்ளைங்க முன்னாடி. மெத்தையைக் கிழிச்சுத் தேடினேன். பொய்யன்னு கையைக்கூட நீட்டிட்டேன். எத்தனை தடவை சொன்னான், நான் நம்பல. எங்களை மாதிரி ஆளுங்க பெரிய டாக்டரையா நம்பாம இருப்போம்?"

நர்ஸ் மாலை மாத்திரைகளோடு வந்தார். லெஸ்டர் ஒவ்வொன்றாக விழுங்கித் தண்ணீர் குடித்தான். பிறகு யாரும் கேட்காமலே மெர்லின் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"வேணாம் லெஸ், மூடு," என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள் மெர்லின். "மூடுடா!"

அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை அவன் மூடவில்லை.