சந்தனம் படாத கணவாய்

வக்கீல் அரசப்பன் திருவள்ளூர் கோர்ட்டு வராந்தாவில் வரைபடத்தை விரித்ததும் குனிந்து பார்த்தேன். சந்தனக் கறையைக் காணோம்.

எங்களுடையது அத்தா வாங்கி வைத்த, வெள்ளைக்காரன் காலத்து வரைபடம். மலைக்கோடுகள் நெருங்கி ஓடும். நடுவில் பக்கீர் கணவாய், அதற்குள் புள்ளிப் புள்ளியாக ஒரு பாதை, பாதை முடிவில் தர்கா. தர்காவின் கந்தூரி விழாவுக்கு அந்தப் பாதையில்தான் ஏறுவோம். முட்டி வலி வந்தபிறகு அம்மா மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுவாள். மலையில் சந்தனம் பூசும் நேரத்துக்கு இங்கே விரலில் சந்தனம் தொட்டு, படத்து தர்காவின் மேல் வைப்பாள். வருஷா வருஷம் வைத்து அந்த இடம் சொரசொரத்துப் போயிருந்தது. கண் மங்கிய பிறகு அதைத் தடவித்தான் இடம் கண்டுபிடிப்பாள்.

ஜல்லி கம்பெனிக்காரன் கணவாயை வளைத்து கேட் போட்டான். அங்கே பாதையே கிடையாது என்று சாதித்தான். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். தம்பி அஸ்கர் அலியை நம்பித்தான் வக்கீலிடம் கொடுத்தனுப்பினேன்.

"இது பின்னாடி வந்த படம்மா. இதுல பாதையே போடலியே" என்றார் வக்கீல், சுருட்டி என்னிடமே நீட்டி.

பக்கத்தில் நின்ற தம்பியை வெளியே இழுத்துப் போனேன்.

"பழச எங்கடா?"

"இன்னாக்கா, நாலு பேரு பாக்கறாங்கோ..."

"எங்கடா?"

செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கம்பெனில குடுத்துட்டேன். கும்மிடிப்பூண்டிக்கு ஜல்லி ஏத்தற காண்ட்ராக்ட்டு எனக்குத்தான்னாங்க. தர்கா எங்கியும் ஓடிப் போவாதுக்கா. புள்ளகுட்டிய வச்சிக்கினு நான் பொழைக்க வாணாமா?"

பாவி! வேறு எவனாவது செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். குழந்தையில் இவன் அந்தக் கணவாய் முழுக்க என் இடுப்பில் உட்கார்ந்து வந்தவன். அவனைக் கூட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குத்தான் கந்தூரியும். கேட் பூட்டிக் கிடந்ததால் யாரும் மலை ஏறவில்லை. இந்த வருஷம் எல்லாருமே படத்தில் வைத்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். அம்மா சந்தனம் கரைத்து வைத்திருந்தாள்.

"வந்துட்டியா அஸ்கரு? படத்த விரிடா" என்றாள்.

நான் சுருளை அவனிடம் நீட்டினேன். வாங்கி விரித்தான். அம்மா ஒரு விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் காகிதத்தைத் தடவினாள். நடுவில் தடவினாள். மேலே, கீழே, ஓரத்தில். வழவழவென்று இருந்தது. திரும்பவும் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தாள். தூக்கிப் பிடித்த விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.