பன்னிரண்டாவது பிரியாணி

ஆட்டோ சென்னீர்குப்பம் சந்துக்குள் திரும்பும்போதே பிரியாணி வாசனை மூக்கில் ஏறியது. ரோஷினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு நாளில் பன்னிரண்டாவது பிரியாணி.

பக்கத்தில் அவள் கணவன் நிர்மல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஜார்க்கண்ட் மலைக்கிராமத்தில் மூன்று வருட மிஷனரி ஊழியம். பிறகு ஒரு மாத ஓய்வு. அவர்களை அங்கே அனுப்பிவைத்த நசரத்பேட்டை சபை ஆசையாகத்தான் வரவேற்றது. ஆசை அளவுமீறியதுதான் வம்பு. முதல் நாளே சபைச் செயலாளர் மணவாளன் ஒரு பட்டியலை நீட்டினார். மாலைக்கு ஒரு வீடு. ஜெபம், ஊழிய அனுபவத்தைச் சொல்லும் சாட்சி, சாப்பாடு. மொத்தம் இருபத்தெட்டு வீடு. ஒரு வீட்டை விட்டால் அந்த வீடு முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே நிர்மல் சொன்னான்: "இப்படியே போனா நான் மலைக்குத் திரும்பமாட்டேன் ரோஷி. ஊழியமே வேணாம்னு எழுதிக் கொடுத்துடுவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிற குரலில் சொன்னான்.

பட்டியலில் அன்று பேபியக்கா வீடு. கூடத்தில் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பேபியக்கா பாடி பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள். அங்கே ஷிப்ட் முடித்து வந்து, இங்கே இரண்டாவது அடுப்பு.

பாட்டு முடிந்தது. நிர்மல் எழுந்தான்.

"எங்க மலையில..."

அவ்வளவுதான்.

"சிறுத்தை சாட்சி சொல்லுங்க பிரதர்," மணவாளன் எடுத்துக்கொடுத்தார். "பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னுச்சே!"

பதினோரு வீட்டில் வந்து நின்ற சிறுத்தை. வீட்டுக்கு வீடு வளர்ந்து, நேற்று ஆவடியில் கிட்டத்தட்ட புலியாகிவிட்டிருந்தது.

நிர்மலின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

"சரி, ஜெபமாவது பண்ணுங்க பிரதர்."

ரோஷினி சட்டென்று எழுந்தாள். எந்த வீட்டிலும் அவளை யாரும் பேசச் சொன்னதில்லை. சிரிப்பாள், கறி நன்றாக வெந்திருக்கிறது என்பாள்.

"அவருக்கு ஜெபம் வரலைங்க. மலேரியா வந்து ஆறு மாசமாச்சு, அதுலேர்ந்தே வரல. எனக்கும் வரல. நாங்க தூங்கத்தான் ஊருக்கு வந்தோம்."

யாரோ "ஸ்தோத்..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார். மிஷனரிக்கே ஜெபம் வரவில்லையாம்! ரோஷினி பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள் பேபியக்கா.

"இத்த சொல்றதுக்கா இம்மாம் பயம்? நான் மட்டும் இன்னாவாம்? ஷிப்ட் முடிச்சிகினு வந்து முட்டி போடறேன், பரலோகத்துலன்னு ஆரம்பிக்கிறேன், அப்பிடியே கொறட்ட. கர்த்தருக்கு என் கொறட்டதான் மனப்பாடம்."

கூடம் சிரித்தது. ஒரு கிழவர், "எனக்கும் அதே கேஸ்தாம்மா," என்றார்.

"மணவாளண்ணே, லிஸ்ட்ட மடிங்க," என்றாள் பேபியக்கா.

"சிஸ்டர், நாளைக்குப் பூந்தமல்லி வீட்ல ஆட்டுக்கறிக்குச் சொல்லியாச்சு..."

"நீங்க போய் துன்னுங்க. மீந்தா அந்தச் சிறுத்தைக்குப் போடுங்க."

பேபியக்கா உள்ளறைக் கட்டிலில் குவிந்திருந்த துணியை அள்ளிப் போட்டு இடம் பண்ணினாள். நிர்மல் சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை, சாய்ந்ததுமே தூங்கிப்போனான். முப்பது பேரும் கூடத்தில் கிசுகிசுப்பாகப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

ரோஷினி சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேபியக்கா ஒரு தட்டில் ரசம் சோறு வைத்தாள்.

"திரும்பிப் போவீங்களா கண்ணு?"

"தெரியலக்கா."

"தெரிஞ்சா சொல்லு. அதுவரிக்கும் யார்னா கேட்டா என்னாண்ட அனுப்பு."

வாசலில் மணவாளன் போனில் திணறிக்கொண்டிருந்தார். "இல்லம்மா, நாளைக்கு வரமாட்டாங்க... நாளைக்கழிச்சும் இல்லம்மா... ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, தூங்கறாங்க... ஆமா, ரெண்டு பேரும்தான்."

ரோஷினி இன்னும் தூங்கவில்லை. இரண்டு வாய் சோறு பாக்கி இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.