அலுமினிய கியர்

எஞ்சினிலிருந்து இறக்கிய ஆயிலில் ஜாபிர் விரலை விட்டு அளைந்தான். வெளியே எடுத்தபோது நுனியில் தவிட்டு நிறத்தில் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பல்லு போகுதுண்ணே" என்றான்.

என்னுடையது நாற்பத்தேழாம் வருடத்துச் செவர்லே டாக்ஸி. திருவாரூர் ஸ்டாண்டில் மாருதி வேன்கள் வந்து நின்ற பிறகும், அடியக்கமங்கலத்திலிருந்து வெளிநாடு புறப்படுகிறவர்கள் திருச்சி ஏர்போர்ட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதில் ஏறிப் போன யாரும் வேலை போய்ப் பாதியில் திரும்பியதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. தவிரவும், வண்டியில் சத்தமே இருக்காது. பின்சீட்டில் வெற்றிலை மெல்லுவதுகூட எனக்குக் கேட்கும். அந்த வெள்ளிக்கிழமை இதில் ஷார்ஜாவுக்குப் புறப்பட வேண்டியவன் ஜாபிர். இந்த எஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்தவனும் எங்கள் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

ரேடியேட்டரைக் கழற்றி, எஞ்சினின் முன்மூடியைத் திறந்தான். கிராங்க்கில் இருக்கும் சின்ன கியர் இரும்பு. அது சுற்றிவிடும் பெரிய கியர் ஃபைபர். துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. வண்டி இத்தனை காலம் வாய் திறக்காமல் ஓடியது அதனால்தான். இப்போது அதன் பற்கள் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி இருந்தன. பிடித்து அசைத்தால் டக்கென்று ஆடியது.

சென்னை புதுப்பேட்டைக்குப் போய் இரண்டு கியர் வாங்கி வந்தேன். ஒன்று ஃபைபர், பழைய இருப்பு. மற்றது அலுமினியம். வேண்டாததைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஜாபிர் அலுமினியத்தைக் கையில் எடுத்தான்.

"அது கத்துமேடா தம்பி."

"கத்தும்ணே."

"ஸ்டாண்டுல சிரிப்பானுங்க. மிக்சிய வச்சு ஓட்டுறியான்னு கேப்பானுங்க."

"கேக்கட்டும். நான் இங்க இருந்தா ஃபைபரத்தான் போடுவேன். அடுத்த தடவ பல்லு போனா யாரு கழட்டுறது?"

அவன் சொன்னது சரிதான். ஆனால் சத்தமில்லாததை நம்பித்தானே எனக்குச் சவாரி வருகிறது? சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி ஷிஃபாவிடம், "நீயே சொல்லும்மா, எதப் போடலாம்?" என்றேன்.

"என்னைக் கேட்டா விசா எடுத்தாங்க? கியருக்கு மட்டும் கேக்குறீங்களே அண்ணே" என்றாள்.

ஜாபிர் எஞ்சினுக்குள் குனிந்துகொண்டான். தூக்குச்சட்டியை அவள் பெஞ்சில் வைத்த சத்தம் நன்றாகவே கேட்டது.

அலுமினியத்தையே போடச் சொன்னேன். இரண்டு கியரிலும் இருந்த அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் சேர்த்து, கையால் சுற்றிப் பார்த்து மூடினான். ஸ்டார்ட் செய்ததும், நெல் மில்லில் பெல்ட்டை மாட்டியதுபோல ஓர் இழுவைச் சத்தம் எழுந்து ஷெட்டை நிறைத்தது.

வெள்ளிக்கிழமை ஏர்போர்ட் வாசலில், "ஆயில மட்டும் மறக்காம மாத்துங்கண்ணே" என்றான். மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

திரும்பும்போது பின்சீட்டில் ஷிஃபாவும் அவள் மாமியார் ஜன்னத் பீவியும் இருந்தார்கள். ஆளை விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு வீட்டாரின் அழுகையையும் கேட்டுக்கொண்டு, கேட்காதவனாக ரோட்டைப் பார்த்தே ஓட்டியவன் நான். செங்கிப்பட்டி வரை ஷிஃபா முக்காட்டு நுனியை வாயில் அழுத்தியிருந்தாள். கிழவி தூங்கிப்போனதும் அதை எடுத்துவிட்டாள். கண்ணாடியில் அவள் தோள்கள் குலுங்கின. கியரின் சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வல்லம் இறக்கம் வந்தது. எப்போதும் அங்கே காலை எடுத்து வண்டியைத் தானாக உருளவிடுவேன். காலை எடுத்தால் இந்தச் சத்தமும் அடங்கிவிடும். அன்று ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இறங்கினேன்.